தஞ்சை நெல்நாட்டில் இல்லற வன்முறையும் மகளிரின் போக்கிடமும்

அகத்திணை நூல்கள் தலைவன் தலைவியரிடையே தோன்றும் பிணக்கினை ஊடல், புலவி, துனி எனப் பகுத்துப் பெயரிட்டுள்ளன. அப்பிணக்குகள் பெரும்பாலும் சொல்லளவிலும் மெய்ப்பாட்டளவிலும் நின்று கூடலாய் முடிவன. பிணக்கு முற்றிய வீட்டில் கணவன் மனைவியை அடித்தான் என்னும் செய்திக்கு அவ்விலக்கணத்தில் துறை இல்லை. துறை இல்லாமையால் நிகழ்ச்சியும் இல்லை எனக் கொள்ளுதல் பொருந்தாது. நாட்டுப்புறத்து ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பழமொழியும் அச்செய்தியை மறைத்தில. ஆதலின் இப்பொருள் சமூகவியலார்க்கே உரியது, தமிழாய்வார்க்கு உரியதன்று என ஒதுக்குதல் வேண்டா என்பது எம் கருத்து. காவிரிப் படுகையின் நெல்விளை ஊர்களில் மனைவியர்க்கு நேரும் வன்முறை எக்காரணங்களால் எழுகின்றது, எழுந்தபின் எக்காரணத்தால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வாம். இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதே இப்பொருள் பற்றிய பேச்சிற் காணும் பெருங்குறை.

வன்முறை என்பது அடியும் உதையும் மட்டும் அன்று. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலைத் துன்புறுத்தல், பாலியற் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வருத்துதல், பொருளைப் பறித்தலும் மறுத்தலும் என நால்வகைப்படுத்தி அதனை விரித்துரைக்கின்றது. கூலிப் பணத்தைப் பிடுங்கிக் கொள்வதும் தாலிக்கொடியை அடகு வைப்பதும் வன்முறையே எனச் சட்டம் ஏற்றுக்கொண்டமை நெல்நாட்டு மகளிர்க்கு இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

தஞ்சை என யாம் ஈண்டுக் குறிப்பது பழைய தஞ்சாவூர் மாவட்டத்தை. 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் அதினின்று பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்தினின்று மயிலாடுதுறை பிரிந்தது. ஆட்சி எல்லைகள் மாறினும் கல்லணைக்குக் கீழே ஒரே நீரால் வாழும் நாடாகவே அது இருந்து வருகின்றது.

எண்கள் தரும் புதிர்

இந்தியக் குடும்ப உறவுமுறையை ஆராய்ந்த டைசன், மூர் என்னும் அறிஞர் இருவர் 1983இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். வடபுலத்தில் பெண் முன்பின் அறியாத தொலைவூருக்கு மணமுடித்து அனுப்பப்படுகின்றாள். தென்புலத்திலோ அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் அண்மையூரிலேயே கொடுக்கப்படுகின்றாள். ஆகவே தென்னாட்டுப் பெண் பிறந்த வீட்டின் துணையைப் பெறுகின்றாள், அவளது உரிமையும் மிகுதி என்பது அக்கொள்கையின் சாரம். கல்வி, பிள்ளைப்பேறு, குழந்தை இறப்பு ஆகியவற்றில் இக்கொள்கை பெரிதும் பொருந்தி வரக் காண்கின்றோம்.

கணவனின் வன்முறையில் அஃது அவ்வாறு பொருந்தவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நிகழ்ந்தது. மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் கணவனால் வன்முறைக்கு உட்பட்டோர் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 29.3, தமிழ்நாட்டில் 38.1. நான்காம் சுற்றில், அதாவது 2015–16இல், தமிழ்நாட்டின் எண் 40.6. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் நாட்டின் பொதுநிலைக்கும் பின்தங்கி நிற்கின்றது.

தமிழ்ப் பெண்கள் அஞ்சாது உண்மை உரைக்கின்றனர், பிற மாநிலத்தார் மறைக்கின்றனர், அதனாலேயே இவ்வேறுபாடு எனச் சிலர் அமைதி கூறுவர். அதிற் சிறிது உண்மை இருத்தல் கூடும். ஆயினும் அவ்வாய்வு முழுவதும் நோக்குங்கால், வன்முறைக்கு உட்பட்டோருள் எவரிடமேனும் உதவி நாடியவர் இந்தியாவில் நூற்றுக்கு 14 பேரே. கணக்கெடுப்பாரிடம் வாய்திறந்தமையால் மட்டும் ஒருத்தி துணை பெற்றாள் ஆகாள். உறவினர் அண்மையில் இருந்தும் வன்முறை குறையாமைக்குக் காரணம் வேறு இருத்தல் வேண்டும். அதனைக் காண்பதற்கு முன், வழக்கமாகக் கூறப்படும் காரணங்களை நோக்குவோம்.

கூலியும் குடியும்

முதலிற் கூறப்படுவது குடி. இதனை எவரும் மறுத்தற்கில்லை. தமிழகத்தில் மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, இடையிடையே மீண்டும் கொணரப்பட்டு, இறுதியில் 2003 நவம்பர் முதல் சில்லறை மதுக்கடைகளை அரசின் வாணிகக் கழகமாகிய டாஸ்மாக் நிறுவனமே நடத்தலாயிற்று. மேற்குறித்த ஐந்தாம் சுற்று ஆய்வின்படி, அடிக்கடி குடித்து நிலைதவறும் கணவரை உடைய மனைவியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் வன்முறைக்கு ஆளாகின்றனர்; குடியாத கணவரை உடையோருள் ஏறத்தாழ 23 பேர். முதல் எண்ணைக் கூறுவோர் பலர். இரண்டாம் எண்ணை நின்று நோக்குவோர் சிலர். ஒரு துளியும் அருந்தாத ஆடவர் வீடுகளிலும் ஏறத்தாழ நால்வருள் ஒருத்தி அடிபடுகின்றாள் எனின், குடி அடியைப் பெருக்குகின்றதே அன்றி அதனைப் படைக்கவில்லை என்பது பெறப்படும். மேலும், நிலைதவறியவன் எதிர்ப்பட்டார் எல்லாரையும் அடிப்பதில்லை; மணியக்காரரையோ கடன் கொடுத்தவரையோ அடிப்பதில்லை. வீடு வந்து சேரும் வரை அவன் கை அடங்கியே இருக்கின்றது. இஃது ஊரார் அறிந்த உண்மை.

இரண்டாவது, பண்ணை முறையின் வடு. தஞ்சைப் பண்ணையாட்கள் சாணிப்பாலும் சவுக்கடியும் பெற்ற கொடுமை வரலாறு அறிந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் விவசாயச் சங்கம் எழுந்த பின்னரே அவ்விரண்டும் ஓய்ந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வயலில் அடிபட்டவன் குடிசையில் மனைவியை அடித்தான் என இவ்வடுவினின்றே இல்லற வன்முறையை வருவிப்போர் உளர். கேட்பதற்கு இரக்கம் தரும் விளக்கம் இது. ஆயின் சவுக்கினைப் பிடித்த மிராசுதார் வீட்டிலும் மனைவி அடிபட்டாள் என்பதற்கு இவ்விளக்கம் யாது விடை கூறும்? நிலமுடைய வீட்டில் அது நான்கு கட்டுச் சுவர்களுக்குள் அடங்கிற்று. சேரியில் கீற்றுத் தட்டியின் வழியே ஊருக்குக் கேட்டது. கேட்ட அடியே கணக்கில் ஏறிற்று. வறியவரே மனைவியை அடிப்பவர் என்னும் எண்ணம் இவ்வாறு தோன்றியதாகலாம்.

மூன்றாவது காரணமே எம்மால் விரித்துரைக்கத் தக்கது. அது நெல்நாட்டின் கூலி முறை. நாற்றுப் பறித்தலும் நடவும் களை எடுத்தலும் இங்குப் பெண்களின் தொழில். அறுவடையிலும் அவர்கள் பங்கு பெரிது. முன்னாளிற் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. ஆணுக்கு ஓர் அளவும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த அளவுமாக மரக்காலாலும் படியாலும் அளந்தனர். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரியுண்டு மாண்ட கொடுமைக்கு முன் நிகழ்ந்த பூசலும் இந்நெற்கூலியைப் பற்றியதே. மாண்டவருள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அந்நெல் குறைவுடையதாயினும் ஒரு தன்மை உடையது: களத்திலிருந்து பெண்ணின் முறத்திற்கும், முறத்திலிருந்து உரலுக்கும், உரலிலிருந்து உலைக்கும் செல்லும். அதனை விற்றுக் குடிப்பதற்கும் சில படிகளைக் கடத்தல் வேண்டும். கூலி பணமாக மாறியபின் அப்படிகள் இல்லாதொழிந்தன. மாலையிற் பெற்ற பணம் யார் கையில் தங்குவது என்பதே பல வீடுகளில் அன்றாடப் பூசல். பணக்கூலி தீது என்பது எம் கருத்தன்று. நெல்லளவில் இழைக்கப்பட்ட வஞ்சனைகள் பல. மாற்றத்தின் இப்பக்கத்தை ஆய்வாளர் குறித்திலர் என்பதற்காகவே கூறினோம்.

தமிழகத்திலும் கேரளத்திலும் உழவுத்தொழிற் பெண்களின் வருவாயை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் ஜோன் மென்சர், பெண்கள் தம் வருவாயில் வீட்டிற்குத் தரும் பங்கு ஆடவர் தரும் பங்கினும் மிகுதி எனக் காட்டினார். பெண் பெற்றது வீட்டிற்கு, ஆண் பெற்றதில் ஒரு பகுதி தனக்கு என்னும் முறை உலகெங்கும் வறிய வீடுகளிற் காணப்படுவது. நெல்நாட்டில் இதனுடன் பருவமும் சேர்கின்றது. மேட்டூர் அணை 1934 முதல் பாசனத்திற்கு நீர் தரத் தொடங்கியது. ஜூன் 12இல் திறப்பது மரபு. நீர் உரிய காலத்தில் வந்தாற் குறுவை; வாராவிடின் குறுவை இல்லை, ஆனி ஆடி மாதக் கூலியும் இல்லை. சம்பா நட்டுக் களை எடுத்தபின் தை அறுவடை வரை மழைக்கால இடைவெளி. அப்போது வீடு கடனால் ஓடும். இப்போதெல்லாம் அக்கடன் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து வருகின்றது. கையொப்பம் மனைவியுடையது, செலவு பல நேரம் கணவனுடையது, தவணை நாளில் வாசலில் நிற்பவரிடம் விடை கூறுபவள் மனைவி.

இதனிடையே அறுவடை இயந்திரம் வந்தது. நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் பரவின. பெண்களின் வேலை நாட்கள் சுருங்கின. ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் நாகப்பட்டினத்திலும் அடுத்த கட்டமாக 2007இல் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களிலும் தொடங்கியபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்னும் நெறி முதன்முறையாகப் பல ஊர்களிற் கண்ணெதிரே நிகழ்ந்தது. வந்தோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண் கையிற் பணம் சேர்ந்தமையால் வன்முறை குறைந்திருக்கும் என எண்ணத் தோன்றும். ஆயின் கணவனுக்கு வேலை இல்லாத காலத்தில் மனைவி மட்டும் பொருள் ஈட்டும் வீடுகளில் அடி மிகுதலும் உண்டு என ஆய்வுகள் கூறுகின்றன. கூலி ஒன்றே காவலாகாது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

சீர் வரிசைக் குறைபாடும் ஒரு காரணமே. கருநாடகச் சிற்றூர்களை ஆராய்ந்து விஜயேந்திர ராவ் 1997இல் வெளியிட்ட கட்டுரை, குடியையும் வரதட்சணைக் குறைவையும் அடிக்குரிய காரணங்களாகக் காட்டிற்று. தஞ்சையிலும் நிலை வேறன்று. உழைக்கும் மக்களிடையே ஒருகாலத்தில் மணமகன் வீட்டாரே பெண்ணுக்குப் பரிசம் கொடுத்தனர். பரிசம் இன்று நிச்சயதார்த்தச் சடங்கின் பெயராகச் சுருங்கி, பெண்வீட்டார் கொடுக்கும் வரதட்சணை வேரூன்றியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இதனைத் தடுத்து நிறுத்தவில்லை.

சொற்களின் சான்று

காரணங்கள் எவையாயினும் அவை அடியாக வெளிப்படுவதற்கு, அடித்தல் ஆகும் என்னும் உடன்பாடு ஊரில் இருத்தல் வேண்டும். அவ்வுடன்பாட்டிற்குச் சொற்களே சான்று. "அடியாத மாடு படியாது", "அடிக்கிற கைதான் அணைக்கும்", "கல்லானாலும் கணவன்" என்னும் பழமொழிகளை அறியாதார் இலர். முதற் பழமொழி உழவு மாட்டைக் குறித்து எழுந்தது. மனைவிக்கு ஏற்றிக் கூறப்படுகையில் அவள் எவ்வினத்துடன் வைத்து எண்ணப்படுகின்றாள் என்பது புலனாகும். ஐந்தாம் சுற்று ஆய்வில், கணவன் மனைவியை அடித்தற்குரிய காரணங்கள் சில உள என ஏற்றுக்கொண்ட பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 45, ஆடவர் 44. பெண்களே ஆடவரினும் ஒருபடி மிகுந்து ஏற்கின்றனர் என்பது வியப்பன்று. அடியைத் தவிர்க்க இயலாத இடத்தில் அதற்கொரு நியாயம் கண்டுகொள்ளுதல் உயிர் தரித்தற்குரிய வழிகளுள் ஒன்று.

வழக்குச் சொற்கள் நிகழ்ச்சியை மெலிவித்துக் கூறுதலும் காணத்தக்கது. அடித்தான் என்னாது "கை நீட்டிவிட்டான்" என்பர். கொலையே நிகழினும் நாளிதழ்கள் "குடும்பத் தகராறு" என எழுதுகின்றன. தகராறு இருவர் செய்வது. கொலை ஒருவன் செய்வது.

இவ்வனைத்தினும் எம் கருத்தை ஈர்ப்பது "வாழாவெட்டி" என்னும் சொல். கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு இப்பெயர். வாழாது வெட்டியாய் இருப்பவள் எனப் பிரித்துப் பொருள் கொள்வர். மனைவியைத் துரத்திய ஆடவனுக்கு இதற்கிணையான சொல் இல்லை. பெண்ணின் வாழ்க்கை என்பதே கணவன் வீட்டில் இருத்தல் எனச் சொல்லமைப்பே தீர்ப்பளித்துவிட்டது. "வாழப் போனாள்", "வாழ வந்த இடம்" என்னும் தொடர்களும் அத்தன்மையனவே. அடிபட்ட பெண் வீட்டைவிட்டு வெளியேற எண்ணும்போது அவளைத் தடுத்து நிற்பவற்றுள் இச்சொல் ஒன்று. அவள் பொருட்டு அன்றாயினும் தங்கையின் திருமணத்தின் பொருட்டு அவள் இதற்கு அஞ்சுகின்றாள்.

பிறந்த வீடு

டைசன், மூர் கூறிய கொள்கை எவ்விடத்திற் பிழைபடுகின்றது என்பதற்கு இனி விடை காணலாம். பிறந்த வீடு அண்மையில் உளது என்பது மெய். அடிபட்ட பெண் பேருந்தேறி ஒரு மணி நேரத்தில் அங்குச் சென்றுவிடுகின்றாள். அங்கு அவளுக்குச் சோறுண்டு, தாயின் கண்ணீருண்டு, கணவனை வைது பேச அண்ணன் உண்டு. பத்து நாள் கழியும். பின்னர்க் கணவன் வீட்டார் பெரியவர் இருவரை அழைத்துக்கொண்டு வருவர். திண்ணையிலோ கோயில் வாசலிலோ பஞ்சாயத்து நடைபெறும். "இனி இப்படி நடவாது" என்பர். அவள் திரும்ப அனுப்பப்படுவாள். ஊரார் இதனைச் சமாதானம் என்பர். மூன்று திங்களில் அதுவே மறுபடியும் நிகழும்.

உறவுமுறைத் திருமணம் இச்சமாதானத்தை இன்னும் இறுக்குகின்றது. தமிழ்நாட்டுத் திருமணங்களுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை இரத்த உறவினருள் நிகழ்வன. கணவன் தாயின் தம்பியாகவோ அத்தை மகனாகவோ இருக்குமிடத்து, மாமியாரைப் பகைத்தல் தந்தை தன் உடன்பிறந்தாளைப் பகைத்தலாக முடிகின்றது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் நிலை இதனினும் கடிது: தங்கையை அடித்தவனைத் தட்டிக் கேட்கும் அண்ணனின் மனைவி, அவ்வடித்தவனின் தங்கை. ஒரு வீட்டிற் பெண் வெளியேறினால் மறு வீட்டிலும் பெண் வெளியேற்றப்படுவாள். எனவே அண்மை உறவு பெண்ணுக்குச் செய்தி சொல்லும் செவிகளைத் தருகின்றது. நிலையாகத் தங்கும் இடத்தைத் தருவதில்லை.

இடம் இல்லாமைக்கு வேரான காரணம் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இல் திருத்தி, அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனோடொத்த பங்கு அளித்தது. 2005இல் நடுவணரசும் நாடு முழுமைக்கும் அவ்வாறே திருத்தியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது எனத் தெளிவுபடுத்திற்று. ஏட்டளவில் வாய்க்காற் பாசனத்து ஒரு மா நிலத்திலும் மகளுக்குப் பங்குண்டு. நடைமுறையில் தந்தை மறைந்தபின் அவள் பத்திரப்பதிவு அலுவலகத்திற்கு அழைக்கப்பட்டு, தன் பங்கினை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பம் இடுகின்றாள். அப்பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம்! யார் எதனின்று விடுதலை பெறுகின்றனர் என்று எண்ணுங்கால் சொல்லின் கொடுமை புலனாகும். அவள் அறியாமையால் கையொப்பமிடுவதில்லை. பங்கு கேட்ட தங்கைக்கு அண்ணன் வீட்டு வாசல் மூடப்படும் என்பதனை அவள் அறிவாள். தாலிச்சீரும் தாய்மாமன் வரிசையும் நின்றுபோம். நாளை அடிபட்டு வந்தாற் பத்து நாள் தங்குவதற்கு ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே, வாழ்நாள் முழுதும் தங்குதற்குரிய இடத்தை அவள் விட்டுக்கொடுக்கின்றாள்.

உழைக்கும் மக்களிடையே முன்னாளில் வேறொரு வாயில் திறந்திருந்தது. 1951 முதல் 1953 வரை தஞ்சைச் சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்த காத்லீன் கஃப், அக்கிரகாரத்துப் பெண்ணையும் ஆதிதிராவிடப் பெண்ணையும் ஒப்பிட்டு எழுதியுள்ளார். முன்னவளுக்கு மணவிலக்கும் மறுமணமும் இல்லை. பின்னவள் தன் கையாற் கூலி பெற்றாள், கணவனொடு பொருந்தாவிடின் பிரிந்து மறுமணம் செய்துகொள்ளுதலும் இயன்றது. அறுத்துக் கட்டுதல் என வழங்கிய அம்முறைக்கு இழிவு இல்லாமல் இருந்தது. கல்வியும் வருவாயும் சிறிது உயர்ந்த குடும்பங்கள் மேற்குலத்தார் நெறியை மேற்கொண்டபோது, அறுத்துக் கட்டுதல் மானக்கேடாயிற்று. பரிசம் போய் வரதட்சணை வந்ததும் இவ்வேற்றத்தின் ஒரு கூறே. குடும்பம் உயர்ந்தது, பெண்ணின் வாயில் அடைபட்டது. முன்னேற்றம் எல்லாவற்றையும் பெண்ணின் முன்னேற்றமாகக் கணக்கிடுவார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மனையும் நிலமும்

பண்ணையாளின் குடிசை நெடுங்காலம் மிராசுதாரின் மண்ணில் நின்றது. வெளியேறு என்ற ஒரு சொல்லால் குடும்பமே தெருவில் நின்றது. 1971இல் இயற்றப்பெற்ற குடியிருப்பு உரிமைச் சட்டம், உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கிற்று. தஞ்சையின் சமூக வரலாற்றில் இது பெருந்திருப்பம். எனினும் உரிமை பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" எனப்பட்ட ஆடவர் பெயருக்கே சென்றது. மிராசுதார் கூறிய சொல்லை இப்போது கணவன் கூறலானான்: "இது என் வீடு, வெளியே போ." அடிக்கப்படும் பெண்கள் மிகுதியாகக் கேட்கும் சொற்றொடர் இதுவாகவே இருக்கும் என யாம் கருதுகின்றோம். அடிக்கு வலிமை தருவது கையன்று, அக்கூற்றின் உண்மை.

இதனை எண்களாற் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து மணமான மகளிர் ஏறத்தாழ 500 பேரை வினவிப் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகியோர் 2005இல் வெளியிட்டது. நிலமும் வீடும் தம் பெயரில் இல்லாத பெண்களுள் நூற்றுக்கு 49 பேர் நீடித்த அடிக்கு உட்பட்டிருந்தனர். நிலம் மட்டும் உடையோருள் 18. வீடு மட்டும் உடையோருள் 10. இரண்டும் உடையோருள் 7. கணவனினும் மேலான வேலை பெற்ற மனைவியர்க்கு அடி மிகுந்திருந்தது என்பதும் அவ்வாய்விற் கண்டது. வீடு நிலத்தினும் மிகுதியாகக் காத்தது என்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது. நிலம் வருவாய் தரும். வீடு போக்கிடம் தரும். வெளியேறிச் செல்ல இடமுண்டு என்னும் நிலை இருந்தாலே போதும். அவள் வெளியேற வேண்டிய தேவையே பல நேரம் எழுவதில்லை.

கேரளத்து நிலையை அவ்வாறே தஞ்சைக்கு ஏற்றுதல் கூடாது எனின், தஞ்சையிலேயே நிகழ்ந்த முயற்சி ஒன்று உண்டு. கீழவெண்மணிக் கொடுமைக்குப்பின் கீழ்த்தஞ்சைக்கு வந்து பணிபுரிந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கமாகிய லாஃப்டியைத் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடனும் பிற உதவியும் திரட்டி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பிரித்துப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்வித்தனர். ஆடவர் பெயரில் எழுதினால் குடிக்கும் கடனுக்கும் நிலம் போய்விடும் என்பதே அவர்கள் கண்ட நியாயம். நிலத்தைக் காக்கச் செய்த அவ்வேற்பாடு பெண்ணையும் காக்கும் ஏற்பாடாக அமைந்தது எனலாம். அவ்விணையர்க்கு 2008இல் சரிநிகர் நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது.

சட்டமும் இவ்வுண்மையைக் கண்டுள்ளது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 498அ பிரிவு கணவனின் கொடுமையைக் குற்றமாக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக அது தொடர்கின்றது. ஆயின் கணவனைச் சிறைக்கு அனுப்பியபின் எங்கு உண்பது, எங்கு உறங்குவது என்னும் வினாவிற்கு அதில் விடை இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே அவ்விடையைத் தந்தது. வீடு யார் பெயரில் இருப்பினும், இருவரும் வாழ்ந்த இல்லத்தில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீடாயினும் அவ்வுரிமை செல்லும் என 2020 அக்டோபர் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "இது என் வீடு" என்னும் கூற்று சட்டத்தின் முன் செல்லாதாயிற்று.

சட்டம் ஊருக்கு வந்து சேர்தலில் இடர்கள் பல. பாதுகாப்பு அலுவலர் இருப்பது மாவட்டத் தலைநகரில். வேதாரணியப் பகுதிச் சிற்றூர்ப் பெண் ஒருத்தி நாகப்பட்டினம் சென்று வருதற்கு ஒருநாட் கூலியை இழக்கின்றாள். நடவுக் காலமாயின் கொத்திலுள்ள இடத்தையும் இழக்கின்றாள். விண்ணப்பத்தை 60 நாட்களுள் முடித்தல் வேண்டும் என்பது சட்டம். நீதிமன்றத் தவணைகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. தமிழகத்தில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் அமைந்தன. அங்குச் செல்லப் பெண்கள் அஞ்சுவதில்லை என்பது பெரும் பயன். ஆனால் பல நேரம் அங்கும் நிகழ்வது திண்ணைச் சமாதானமே. எழுதி வாங்கும் தாள் மட்டும் புதிது. 181 என்னும் உதவி எண்ணை அறிந்தோர் தொகை வளர்ந்து வருகின்றது. கைப்பேசி கணவன் பையில் இருக்கும் வீடுகளில் அவ்வறிவு பயன்படுவதில்லை.

அரசு கட்டித் தரும் வீடுகளையும் மனைப்பட்டாக்களையும் பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ வழங்கும் நெறி சில பத்தாண்டுகளாக உளது. அந்நெறி எத்துணைத் தூரம் நிறைவேறியது என்பதனை ஊர்தோறும் பட்டா ஏடுகளைக் கொண்டு கணக்கிடுதல் கடினமன்று. அதனினும் நுட்பமான ஆய்வு ஒன்று கீழ்த்தஞ்சையில் செய்யக் கிடக்கின்றது. லாஃப்டி வழியாக 1980களில் ஏக்கர் நிலம் பெற்ற தாய்மார் பலர் இன்று முதியர், சிலர் மறைந்தனர். பெண்ணின் சொத்து அவள் மறைவிற்குப்பின் கணவனுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சேரும் என்பது சட்டம். அத்தாய்மாரின் நிலத்தில் மகள்கள் தம் பங்கைப் பெற்றனரா, அன்றி அவர்களும் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிட்டனரா என்பது பத்திரப்பதிவு ஏடுகளில் எழுதப்பட்டே இருக்கின்றது.